எம்சிபி விழவில்லையே, பிறகென்ன பயம்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை உட்காரவிடவில்லை. வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மழை பெய்தால் கூடத்து மின்விசிறியின் கொக்கி வழியே தண்ணீர் சொட்டுகிறது. சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்கிறது. எம்சிபி விழவில்லை, அதனால் ஆபத்தில்லை என்கிறார் வீட்டு உரிமையாளர். சரிதானா?" எம்சிபி என்பது, மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் தானாக 'விழுந்து' இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்.

சரியில்லை அம்மா. முதலில் அந்தச் சுவிட்சைத் தொடுவதை நிறுத்துங்கள். காய்ந்த செருப்போடு, ஈரமில்லாத இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். மீட்டர் பெட்டியே நனைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தனியாக அணைக்க வேண்டும். இல்லையென்றால், மெயினை அணைத்த பின்னும் பேட்டரியின் தயவில் அதே 230 வோல்ட் அந்த மின்விசிறிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். வேலை தெரிந்தவர்களே இதை மறந்துவிடுவதுண்டு.

இனி எம்சிபி. தொடர்ந்து பார்ப்பவர்கள், 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்' என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன்: எம்சிபி கம்பியைக் காப்பாற்ற வந்தது, உங்களை அல்ல. கிரைண்டரில் ஷாக் அடிப்பது பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் யோசிக்கவே தொடங்கும். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடல் 1,000 ஓம் தடை கொடுக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அவர் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். உயிரை எடுக்க அது தாராளமாகப் போதும். எம்சிபிக்கோ, யாரோ ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டதாகத்தான் தெரியும்.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி என்னும் இன்னொரு சுவிட்ச். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்; 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மழைதோறும் ஆர்சிசிபி விழுந்தது. வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுத்துவிட்டார். "இப்போது தொல்லையே இல்லை" என்று வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஒழுகல் இருந்தது சமையலறைக்கு மேலே. ஆனால் தண்ணீர், தளத்துக்குள் புதைத்த மின்கம்பிக் குழாய் வழியே ஓடிப் படுக்கையறை சுவிட்ச் பெட்டியில் தேங்கியிருந்தது. திறந்தால், கம்பியை ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் ஊறி நழுவியிருக்கிறது; செம்பு பச்சை பூத்திருக்கிறது. அந்தப் பாவப்பட்ட ஆர்சிசிபி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது!

ஆகவே, சொட்டும் இடத்தை மட்டும் பூசினால் பயனில்லை. தளத்து ஒழுகலை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, எலக்ட்ரீஷியனை மெக்கர் (கம்பியிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று சோதிக்கும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் சோதிக்கும்போது ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, இருக்கிறதா? பிளக் செருகும் இடத்தில் மூன்று துளை இருக்கும். சில வீடுகளில் பெரிய துளைக்குப் பின்னால் அந்தக் கம்பியே இருக்காது. எர்த் இருந்தால், கருவியின் இரும்பு உறையில் கசிவு வந்ததுமே ஆர்சிசிபி விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை காத்திருக்கும். அடுத்த மாத வாடகையைக் கொடுக்கும்போது உரிமையாளரிடம் ஆர்சிசிபி, எர்த் இரண்டையும் கேளுங்கள். சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.