ஒரு காரியமும் இல்லாமல் ஒரு பயணம்: சுங்கை சிப்புட் முதல் லெங்கோங் வரை, பழைய ரோட்டில்

வணக்கம் நண்பர்களே. பின்னால் மழைச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். நேற்று எடுத்த காட்சிகளை இடையிடையே போடுகிறேன்.

நேற்று எங்களுக்கு முப்பதாவது திருமண நாள். லங்காவிக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறோம், இரண்டு பேரும் போய் வாருங்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் மனசு பெரியது. ஆனால் எனக்கு வேறு ஆசை இருந்தது.

முப்பது வருடமாக நானும் அவரும் காரில் எத்தனையோ முறை போயிருக்கிறோம். எதற்குப் போனோம் என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். கோலகங்சாருக்குப் போனால் மாமியாரின் மருத்துவமனைச் சீட்டு. ஈப்போவுக்குப் போனால் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான். லெங்கோங் பக்கம் போனால் ஒரு கல்யாணம், இல்லாவிட்டால் ஒரு சாவு. போன காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவோம். நின்று ஒரு மலையைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ரோடு என்றால் வேலைக்கும் காரியத்துக்கும்தான். அதனால் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒரு நாள், எந்தக் காரியமும் இல்லாமல், பழைய ரோட்டிலேயே போய் வரலாமா?

அவர் உடனே சரி என்றார். இருபது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனைப் பழக்குலை) லாரி ஓட்டியவர். இந்தப் பக்கத்து வளைவு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். டவுனில் தே தாரிக், ஆளுக்கொரு ரொட்டி சானாய். பக்கத்து மேசை அக்கா, "பட்டுச் சேலையில் காலையிலேயே எங்கே? யார் வீட்டு விசேஷம்?" என்று கேட்டார். யார் வீட்டிலும் இல்லை அக்கா என்றேன். அவருக்கு அது புரியவே இல்லை.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு, வடக்கே போகும் பேருந்தும் லாரியும் நம் டவுன் நடுவில் போகும் இந்த ஒன்றாம் எண் சாலையைத்தான் நம்பியிருந்தன. இப்போது அவசரக்காரர்கள் டோல் கட்டி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பழைய ரோட்டில் நிழல் மிச்சம் இருக்கிறது. சன்னலை இறக்கிவிட்டு அறுபதில் போனோம். எதிரே வந்ததெல்லாம் பெரும்பாலும் குலை லாரியும் மோட்டார் சைக்கிளும். ஒரு லாரிக்காரர் இவரைப் பார்த்து விளக்கைப் போட்டு அணைத்தார். யாருங்க என்று கேட்டேன். "தெரியாது, லாரிக்காரன் லாரிக்காரனுக்கு வைக்கிற வணக்கம்" என்றார். இப்போது அவர் ஓட்டுவது சின்ன மைவி கார். ஓட்டுகிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார் போல.

எங்கோர் பக்கத்தில் காராய்க்குப் பிரியும் சின்ன ரோட்டில் திரும்பினோம். இந்தக் காட்சியைப் பாருங்கள், இதுதான் விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் மேல் 1897-இல் கட்டத் தொடங்கி 1900-இல் திறந்த ரயில் பாலம். செங்கல் தூண், மேலே இரும்புச் சட்டம், ஒற்றைத் தண்டவாளம். ரயில் இப்போது பக்கத்திலுள்ள புதிய பாலத்தில் போகிறது. பழையதன் ஓரத்தில் நடைபாதை இருக்கிறது, ஆற்றின் நடு வரைக்கும் நடந்து போகலாம். போனோம். கீழே தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடத்தில் வெளியிடத்தில் அவர் கை பிடித்தது மிகக் குறைவு. எங்கள் காலத்துத் தோட்டத்து ஆண்கள் அப்படித்தான். அந்தக் காட்சியை நான் எடுக்கவில்லை.

அப்புறம் கோலகங்சார். உபுடியா பள்ளிவாசலை ரோட்டிலிருந்தே பார்த்தோம். 1917-இல் கட்டி முடித்தது, அந்தத் தங்க நிறக் கும்பம் வெயிலில் கண்ணைக் கூசும். ஆற்றோரக் கடையில் லக்சா சாப்பிட்டோம். அதையெல்லாம் மற்ற வீடியோக்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு மரத்தைப் பற்றி.

மாவட்ட நில அலுவலகத்தை ஒட்டி வேலி போட்ட ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த நாற்று 1877-இல் சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தது. கோலகங்சாரில் நட்டவை ஒன்பது, அதில் மிஞ்சியது இந்த ஒன்று என்று சொல்கிறார்கள். எத்தனை முறை இந்தப் பக்கம் மாத்திரை வாங்க வந்திருக்கிறேன், ஒரு தரம் கூட இறங்கிப் பார்த்ததில்லை.

நேற்று பார்த்தேன். பார்த்ததும் அம்மா நினைவு வந்துவிட்டது. விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டிலேயே போவது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், இடது மேலிருந்து வலது கீழே சாய்வாக. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு. வெட்டுச் சரியாக இருந்தால் பால் கோட்டிலேயே வழிந்து மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழும். நான் பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால், அதாவது கோட்டிலும் மங்கிலும் உறைந்த பால், பொறுக்குவேன். அந்த வாடை சட்டையை விட்டு லேசில் போகாது.

இந்த ஊர்களையும் இந்த ரோடுகளையும் உண்டாக்கியது இந்த மரம்தான். நம்மைக் கப்பலில் இங்கே கொண்டுவந்ததும் இதுதான். அதன் முன்னால் பட்டுச் சேலையோடு, கையில் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன். அம்மா ஒரு நாள் கூட அப்படி நின்றதில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

சரி, மேலே போவோம். கோலகங்சாரிலிருந்து கிரிக் போகும் சாலைதான் நேற்றைய பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பக்கமும் சிறு தோட்டங்கள். செம்பனை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன், இங்கே ரப்பர் இன்னும் நிற்கிறது, மங்கு கட்டிய மரங்களைப் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழும்பும். அப்புறம் திடீரென்று ராபான் ஏரி. 1930-இல் முடிந்த செண்டரோ அணை பேராக் ஆற்றை மறித்ததால் தேங்கிய தண்ணீர் இது. பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் அங்கேதான் தீர்ந்தது.

அடுத்து லெங்கோங். இந்தப் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பத்தாயிரம் வருடத்துக்கு முந்தைய பேராக் மனிதனின் எலும்புக்கூடு இங்கே ஒரு குகையில் கிடைத்தது. வழியில் பெக்காசாம் மீன் வாங்கினேன். ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டு ஊறவைத்தது, பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும். முதல் தடவை வாங்குபவர்கள் கொஞ்சமாக வாங்குங்கள், புளிப்பு எல்லோருக்கும் பிடிக்காது.

திரும்பும்போது ஒரு தடங்கல். ஃபோன் வரைபடம் குறுக்கு வழி காட்டியது. இவர் வேண்டாம் என்றார், நான்தான் போகலாம் என்றேன். செம்பனைக்குள் மண் ரோடு, முந்தின நாள் மழை, பின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஃபோனில் லைனும் இல்லை. அரை மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) வந்தார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், இரண்டு வங்காளதேசத் தம்பிகளோடு வந்தார். காய்ந்த செம்பனை ஓலையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளினார்கள், கார் ஏறிவிட்டது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. திருமண நாள் என்று இவர் மலாயில் சொன்னதும் பாக்சிக் இவர் தோளில் தட்டினார். வாங்கிவைத்திருந்த வாழைப்பழச் சீப்பை அந்தத் தம்பிகளிடம் கொடுத்தேன். ஊரை விட்டு வந்து அடுத்தவர் தோட்டத்தில் உழைக்கிறார்கள். என் பாட்டனும் அப்படி வந்தவர்தான். நீங்கள் போனால் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் மழை வரும், பெட்ரோலைக் கோலகங்சாரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இருட்டும் நேரத்தில், வீட்டுக்குப் போகும் முன்பு, நான் பிறந்த தோட்டத்துக்குள் திரும்பினோம். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் ஒன்று கூட இல்லை. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை. விடுதலைக்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போனவர்கள் பல பேர். அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் போட்டுப் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அதனால்தான். அப்பாவின் பங்குப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

கோயில் மட்டும் நிற்கிறது. மாரியம்மன் கோயில், எங்களுக்குத் தாலி கட்டியது அங்கேதான். பூசாரி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் காரைப் பார்த்ததும் பயந்துவிட்டார் பாவம். "என்னம்மா, யாருக்கும் ஒன்றுமில்லையே? என்ன வேண்டுதல்?" என்று கேட்டார்.

"வேண்டுதல் இல்லை ஐயா. சும்மா வந்தோம்" என்றார் இவர்.

பூசாரி சிரித்துக்கொண்டே அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டார். என் பேரையும் என் நட்சத்திரத்தையும் இவர்தான் முதலில் சொன்னார். அதற்கப்புறம் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன், அதனால் கோயில் காட்சி இதில் வராது. நேராக வீட்டுக்கு வந்து பெக்காசாம் பொரித்த காட்சிதான் அடுத்தது.