கண்ணாடி மாற்றும் முன் பிரஷர் பாருங்கள்

வணக்கம். ரத்தக்கொதிப்பு என்றால் மாரடைப்பு, பக்கவாதம் என்றுதான் பயப்படுகிறோம். கண்ணை யாரும் நினைப்பதில்லை. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அங்கே குழாய் கெட்டிருந்தால், சிறுநீரகத்தையும் சோதித்தே ஆக வேண்டும்.

குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ 25 வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்குகிறது. கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி போடுகிறான், தெளியவில்லை. தலைவலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை. அந்த மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடைசியில் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவிலிருக்கும் துளையை, விரித்துப் பார்க்கிறார்: பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது, தீ நாக்கு போல ரத்தக் கசிவு, பஞ்சுத் துணுக்குகள் போல வெள்ளைத் திட்டுகள். பிரஷர் 220/130. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனையை அதற்குப் பிறகுதான் பார்க்கிறார்கள். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடக்கும். முதல் மங்கலிலேயே கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்திருக்கலாமே! இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கண்ணாடிக்கு முன் பிரஷர்.

இன்னொன்று. பிரஷர் 180/120-ஐத் தாண்டி, பார்வையும் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு மளமளவென்று இறக்காதீர்கள். பெரும்பாலும் முதல் 1 மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய பார்வை நரம்புக்குத் திடீரென ரத்தம் குறைந்தால், போன பார்வை திரும்பாமலே போகலாம்.

சொட்டு மருந்து விட்டால் பாப்பா விரிய 20, 30 நிமிடம் ஆகும். அப்புறம் சில மணி நேரம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. நம்ம ஊர் வெயிலில் பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். துணைக்கு ஆள், கறுப்புக் கண்ணாடி, இரண்டும் வேண்டும்.

நேரம் முடியப் போகிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்குச் சுருக்கமாக: வெள்ளை விழியில் அடிக்கடி சிவப்பும் உறுத்தலும் வந்தால், அங்கே கால்சியம் படிந்திருக்கலாம், ரத்தத்தில் பாஸ்பேட், கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸில் பிரஷர் இறங்கி, விழித்ததும் ஒரு கண் தெரியவில்லை என்றால் அடுத்த முறைவரை காத்திருக்காதீர்கள். அன்றே கண் டாக்டரிடம் போங்கள். வணக்கம்.