கூலிக்குப் பின்னியதும் ஆசைக்குப் பின்னியதும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, பொங்கல் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண் சொக்குகிற நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ரோஸ்ஹில் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"லேஸ் பின்னும் கலை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது வருமானத்தாலா, ஆர்வத்தாலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி வருமானத்துக்காக வாதாடினார். நன்றாகவே பேசினார். "வயிறு காய்ந்தால் கை ஓடுமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். தம்பி, வயிறு காயக் கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. அந்த வயிற்றை நிரப்ப லேஸ் பின்னச் சொல்கிறீர்களே, அங்கேதான் சண்டை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரான்ஸில் அலான்சோன் என்று ஓர் ஊர். அங்கே ஊசியாலேயே செய்கிற லேஸ் 2010இல் யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் ஏறியது. அந்த லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டர் முடிக்க 7 மணி நேரம் ஆகும். கை தேறுவதற்கே 7 முதல் 10 வருடம். ஒரு சின்னத் தபால்தலை 5 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மணி நேரம்! நம் மொரீஷியஸில் ஒரு தொழிலாளியின் வாரம் 45 மணி நேரம். 2018இலிருந்து குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இருக்கிறது. அந்த ஊதியத்தை வைத்து ஒரு கைக்குட்டை ஓரத்துக்கு என்ன விலை வரும் என்று வீட்டுக்குப் போய்ப் பெருக்கிப் பாருங்கள். யார் வாங்குவார்கள்? தம்பிக்கு இந்த வருடம் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். பெண்ணுக்கு ஒரு முக்காடு வாங்கிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்.

"அலான்சோனில் சம்பளம் கொடுத்துப் பின்ன வைக்கிறார்களே" என்று அவர் கேட்டார். உண்மைதான். 1665இல் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர் அங்கே அரசுப் பட்டறை வைத்தார். இன்றைக்கும் அங்கே அரசுப் பட்டறைதான், பின்னுகிறவர்கள் அரசு ஊழியர்கள், அதுவும் விரல் விட்டு எண்ணுகிற கூட்டம். அது சந்தை கொடுக்கிற கூலி இல்லை ஐயா, வரிப்பணத்தில் நடக்கிற பராமரிப்பு. அதை எதிரணிக் கணக்கில் எழுதக் கூடாது.

சந்தை என்ன செய்தது என்பதற்குத் தனியாகச் சாட்சி இருக்கிறது. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809இல் வலைத் துணி பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் ஆட்கள் புகுந்து 50க்கும் மேற்பட்ட இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் டிவர்ட்டன் என்ற ஊருக்குப் போய் மறுபடியும் ஆலை வைத்தார். அவ்வளவுதான் கதை. கூலிக்குப் பின்னுகிற கைக்கு அதைவிட மலிவான கை எப்போதும் ஒன்று வந்துகொண்டே இருக்கும். அது இரும்புக் கையாகவும் இருக்கலாம், இன்னும் ஏழையான இன்னொரு பெண்ணின் கையாகவும் இருக்கலாம்.

இரண்டாவதைத்தான் நாம் பேச மறுக்கிறோம். தம்பி ஆந்திராவின் நரசாபூர் குரோஷே லேஸை, அதாவது கொக்கி ஊசியால் பின்னுகிற லேஸைப் பெருமையாகச் சொன்னார், 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றார். சரி. 1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய்த் தங்கி ஆராய்ந்தார். பல்லாயிரம் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். கிடைத்தது ஒரு ரூபாய்க்கும் குறைவு. கொடுமை அதோடு முடியவில்லை. அவர்களைத் தொழிலாளி என்று யாருமே கணக்கில் வைக்கவில்லை. "வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்றார்கள். ஏற்றுமதி செய்த வியாபாரிகளுக்கு மாடி வீடு வந்தது. இப்போது முத்திரை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த முத்திரையில் எத்தனை காசு பின்னுகிறவள் கைக்குப் போகிறது என்று தம்பி சொல்லவே இல்லையே?

இங்கே ஒரு சின்ன விஷயம். உண்மையான குரோஷேயை இன்றுவரை எந்த ஆலை இயந்திரமும் பின்னுவதில்லை. பகாத்தேல் மாலில் மலிவு விலையில் உண்மையான குரோஷே மேல்சட்டை தொங்கினால், அதை எங்கேயோ யாரோ ஒருத்தி கையால் பின்னியிருக்கிறாள் என்று அர்த்தம். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு அவளுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். நாகர்கோவில். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். அடிமையாக இருந்த பெண்கள் லேஸ் பின்னிய காசைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். தம்பி இதைச் சொன்னபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. நானும்தான். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். திருவாங்கூரில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1855இல். அதற்கு முன்பே ஒரு நூலும் ஊசியும் அந்தப் பெண்களை வெளியே கொண்டுவந்தது என்றால், அதைவிட மரியாதையான வருமானம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

ஆனால் நடுவர் ஐயா, இன்றைய தலைப்பு "லேஸ் பெண்ணைக் காப்பாற்றியதா?" என்பது இல்லையே. லேஸை எது காப்பாற்றும் என்பதுதானே தலைப்பு? விடுதலை வாங்கிய அந்தப் பெண்ணின் பேத்திகள் என்ன செய்தார்கள்? பள்ளிக்குப் போனார்கள். ஆசிரியராக, நர்ஸாகப் போனார்கள். போக வேண்டியதுதான். எந்தத் தாய் பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போவதற்காகக் கூலிக்குப் பின்னினாளோ, அவள் ஜெயித்த அன்றைக்கே ஊசி கீழே விழுந்துவிடுகிறது. வருமானம் நல்லபடியாக வேலை செய்தால் அடுத்த தலைமுறை பின்னாது. மோசமாக வேலை செய்தால் நரசாபூர். இரண்டிலுமே எதிரணி தோற்கிறது.

பக்கத்து வீட்டையும் பார்த்துவிடுவோம். நம் கடலுக்கு அந்தப் பக்கம் ரீயூனியன் தீவில் சிலாவோஸ். மலைக்கு நடுவில் இருக்கிற ஊர், வளைந்து வளைந்து ஏறுவதற்குள் பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டிவிடும். அங்கே 1900ஐ ஒட்டி ஆஞ்செல் மக்-ஓலிஃப் என்ற டாக்டர் மகள் ஒரு வேலையைத் தொடங்கினாள். துணியில் இருக்கிற இழைகளை எண்ணி எண்ணி உருவிவிட்டு, அந்த இடைவெளியில் ஊசியால் பூவும் சக்கரமும் கட்டுவது. பார்த்தால் லேஸேதான். முதலில் அவள் பொழுது போகத்தான் செய்தாள். பிறகு ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். 1908இல் இளம் வயதிலேயே இறந்துபோனாள். அவளுக்குப் பிறகு கன்னியாஸ்திரிகள் தொடர்ந்தார்கள். இன்றைக்கு அங்கே அதற்கென்று ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது, பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் பெரிய மேசைவிரிப்பை ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள், விலையைப் பார்த்ததும் மெல்லக் கீழே வைத்துவிட்டு ஒரு சின்னப் பூ வேலையை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சின்னப் பூவை நம்பி எந்த இருபது வயதுப் பெண் பத்து வருடம் பயிற்சி எடுப்பாள்?

இதற்கு நேர்மாறாக இத்ரியா. ஸ்லோவேனியாவில் ஒரு பாதரசச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிமார் குடும்பச் செலவுக்காக லேஸ் பின்னினார்கள். 1876இல் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அப்புறம் சுரங்கமும் மூடியாயிற்று, அந்த லேஸை நம்பிக் குடும்பம் நடத்த வேண்டிய நிலைமையும் போயிற்று. எதிரணி வாதப்படி அந்தப் பள்ளிக்கூடம் எப்போதோ பூட்டியிருக்க வேண்டும். ஆனால் இன்றும் நடக்கிறது! பிள்ளைகள் வழக்கமான பள்ளி முடிந்து அங்கே போய்ப் பின்னுகிறார்கள். வருடா வருடம் திருவிழா. 2018இல் ஸ்லோவேனிய லேஸ் பின்னலை யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் 1976இல் லேஸ் கில்டு என்ற சங்கத்தைத் தொடங்கியவர்களும், 1982இல் ஓய்ட்ஃபா என்ற உலகச் சங்கத்தைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் ஆசைக்குப் பின்னுகிறவர்கள்தான். பழைய மாதிரிகளைத் தேடிப் பிடித்து, வரைபடம் போட்டு, மறந்துபோன தையலை மீட்டெடுக்கிற வேலையை இவர்கள் சொந்தச் செலவில் செய்கிறார்கள். அதே இங்கிலாந்தில் கூலிக் காலத்து லேஸ் பள்ளி எப்படி இருந்தது தெரியுமா? ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, கை வேகம் குறையாமல் இருக்க ஊசியை எண்ணிப் பாட்டுப் பாட வைத்தார்கள். அந்தப் பள்ளிகள் போய்விட்டன. போனதற்கு நான் அழப்போவதில்லை.

ஊர் ஊராகச் சுற்றியது போதும், நம் வீட்டுக்கு வருவோம். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. நம் அம்மாக்களும் அத்தைகளும் கூட்டம் கூட்டமாக ஸோன் ஃப்ரான்ஷ் என்று நாம் சொல்கிற அந்த மண்டலத்துக்கு ஆலை வேலைக்குப் போனார்கள். வீடு கட்டினார்கள், நம்மைப் படிக்க வைத்தார்கள். 2004 கடைசியில் உலகத் துணி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் முடிந்தது, ஆலைகள் மூடின. சரி, இப்போது சொல்லுங்கள். வருடக்கணக்கில் ஃபாக்டரியில் காலர் தைத்த எந்த அம்மாவாவது மகளைக் கூப்பிட்டு, "வாடி, உனக்குக் காலர் தைக்கக் கற்றுத் தருகிறேன்" என்றாளா? சொல்ல மாட்டாள். ஆனால் அதே அம்மா ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து நாப்ரோன் என்கிற சின்ன விரிப்பைப் பின்னினாள். டிவிக்கு ஒன்று, சோஃபாவுக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று. பக்கத்து வீட்டு கிரியோல் அம்மாவிடம் புது மாதிரி வாங்கிவந்து பின்னினாள். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்த்தாள். இந்த அரங்கத்தில் குரோஷே தெரிந்த பெண்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள் ஐயா! இத்தனை பேரில் யாராவது சம்பளத்துக்காகக் கற்றீர்களா?

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் எதிரணி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோமே, இந்தத் தமிழ், இந்தத் தீவில் எந்தச் சந்தையில் விலை போகிறது? வீட்டில் கிரியோல். ஆபீஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் படித்தால் ஹோட்டலில் வேலை கிடைக்குமா, வங்கியில் கிடைக்குமா? தமிழ் வாத்தியார் வேலை சில பேருக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். நம் நாட்டுப் பண நோட்டில் தமிழ் இருக்கிறது, தமிழால் அந்த நோட்டு வருவதில்லை! ஆனாலும் 1998இல் நோட்டில் தமிழின் இடத்தை மாற்றி அச்சடித்தபோது எப்படிக் கொதித்தோம்? அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறுகிறவரை விட்டோமா? வருமானம் இருந்தால்தான் ஒன்று அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது உண்மையானால், தம்பி இந்த மேடையில் கிரியோலில்தான் வாதாடியிருக்க வேண்டும்.

ஆர்வம் தானாக வருமா என்று கேட்பார்கள். வராது. காட்ட வேண்டும். பாபின் என்கிற நூல் சுற்றிய சின்னக் குச்சிகளால் பின்னும் பாபின் லேஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், தலையணை மேல் நூற்றுக்கணக்கான குண்டூசி, தொங்குகிற பாபின்கள் என்று. உண்மையில் அதில் இருப்பது இரண்டே அசைவு. நான்கு பாபின் எடுத்துக்கொண்டால், நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதின் மேல் போடுவது ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போடுவது மற்றொன்று. உலகத்தில் உள்ள அத்தனை பாபின் லேஸும் இந்த இரண்டு அசைவுக்குள்தான். கெட்டியாக அடைத்த ஒரு திண்டு, கொஞ்சம் குண்டூசி, தடித்த பருத்தி நூல் போதும். மரத் துணிக்கிளிப்பிலேயே நூலைச் சுற்றி ஆரம்பிக்கலாம். எடுத்தவுடனே மெல்லிய நூலைக் கொடுத்துப் பிள்ளையை ஓட விடாதீர்கள், அது நாம் செய்கிற தப்பு. 2020 ஊரடங்கில் எத்தனை சின்னப் பெண்கள் போனைப் பார்த்துக் குரோஷே கற்றுக்கொண்டார்கள்! பாட்டி போட்ட நாப்ரோன் அவர்களுக்கு வேண்டாம், தொப்பியும் கைப்பையும் பின்னுகிறார்கள். பின்னட்டுமே. அதே ஊசி, அதே கண்ணிதானே?

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிற கூடங்களில், வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இப்போது கை தூக்கினீர்களே, அந்த அம்மாக்களில் நாலு பேர் வந்து உட்காருங்கள். பையன்களும் வரட்டும். கட்டணம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பின்னியதை விற்று நாலு காசு பார்க்கத் தெரிந்த பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், நான் தடுக்கப் போவதில்லை. அதைக் காரணமாகச் சொல்லிக் கூப்பிடாதீர்கள் என்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் எதிரணியிலிருந்து அக்கா பேச வருகிறார். வருமானத்தைப் பற்றி அவரும் அழகாகப் பேசுவார். அவர் கைப்பையில் ஒரு குரோஷே ஊசியும் பாதி முடிந்த குழந்தைத் தொப்பியும் இருக்கின்றன. சாப்பாட்டு வேளையில் அவர் பின்னிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதை எந்தக் கடைக்கு, என்ன விலைக்குக் கொடுக்கப் போகிறார் என்று நடுவர் ஐயா முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, பிறகு பேசச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.