உண்டி சுருங்குதல் யாருக்கு அழகு?

நேயர்களுக்கு வணக்கம்.

ஔவையாரின் கொன்றை வேந்தன் எனக்கு ஆறு வயதிலேயே மனப்பாடம். அப்பா திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' என்று தொடங்கினால் மூச்சு விடாமல் ஓடுவேன். அதில் ஐந்தாவது வரி, 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு'. பெண்கள் குறைவாகச் சாப்பிடுவதுதான் அழகாம். அதையும் அதே ராகத்தில் பாடினேன். அப்புறம் ஆசிரியையாகி, ஒப்புவித்தல் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். ழகரம் சரியாக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேனே தவிர, பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வருடம் பேத்திக்காக அந்தப் புத்தகத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன். ஐந்தாவது வரி வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. கண்முன் வந்து நின்றது என் அம்மா.

எங்கள் வீடு தருமபுரிப் பக்கம். இரவுக்குக் கேழ்வரகுக் களி. அம்மா கிண்டி உருட்டி, தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு என்று வைப்பார். எல்லோரும் எழுந்த பிறகு சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, மோர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார். கோழி அடித்த நாளிலும் அவருக்கு மிஞ்சியது சாறுதான். "எனக்குப் பசியே இல்லை சாமி" என்பார். நான் நம்பினேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொன்றை வேந்தனைப் படித்துவிட்டு அவர் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அது சரியில்லை என்று எனக்குத் தோன்றாமல் போனதற்கு அந்த வரிக்கும் பங்கு உண்டு. அழகு என்று பாடமே சொல்கிறதே, பிறகென்ன?

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாய், பிரசவம், குடற்புழு என்று காரணங்கள் பல உண்டு. தட்டில் விழுகிற பங்கும் அவற்றில் ஒன்று. வாரம் ஒருநாள் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்க வைத்த அதே பெண்பிள்ளைகளிடம்தான், குறைவாகத் தின்பது அழகு என்று நான் ஒப்புவிக்கவும் சொன்னேன். இதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. இரண்டு வரி தள்ளித்தான் 'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்' இருக்கிறது. என்னைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பா தாத்தாவிடம் வாதாடியபோது சொன்ன வரி அது. ஆனால் பிடிக்காத வரிக்கு வேறு பொருள் சொல்லி மழுப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. ஆத்திசூடியில் 'தையல்சொல் கேளேல்' என்று வருகிறது. மனதைத் தைக்கும் சொல் என்று அதற்கு விளக்கம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் என்றால் பெண். நேராக வாசித்து, இது எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிடலாமே.

பாரதியார் அதைத்தான் செய்தார். புதிய ஆத்திசூடியில் அதே 'தை' எழுத்துக்கு 'தையலை உயர்வு செய்' என்று எழுதினார். 'மீதூண் விரும்பேல்', அதாவது அளவுக்கு மீறிச் சாப்பிட ஆசைப்படாதே என்று பழைய ஆத்திசூடி சொல்ல, இவர் 'ஊண்மிக விரும்பு', உணவை மிகவும் விரும்பு என்றார். பேத்தியிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். யார் சொல்வது சரி என்று அவளே சண்டை போடுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஔவை என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். நீதிநூல் பாடியவர் பிற்காலத்தவர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சங்க கால ஔவை எங்கள் ஊர்க்காரர் மாதிரி. பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமானின் நண்பர் அவர். அதியமான் தந்த நெல்லிக்கனியைப் பள்ளியில் படித்தோம். அவன் இறந்தபோது அவர் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டை நான் பெரியவளான பிறகுதான் படித்தேன். கொஞ்சம் கள் கிடைத்தால் எமக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று அழுகிறார். கறியைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது: 'என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே'. எலும்போடு சதை இருக்கிற இடமெல்லாம் எனக்கே தருவானே!

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை முதல் பந்தியில் உட்கார வைத்து, கறி பரிமாறிவிட்டு, இந்த வரியைப் படித்துப் பொருள் சொன்னேன். "ஔவைப் பாட்டியா இப்படிப் பாடுச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "இன்னொரு தரம் படி" என்றார்.

நன்றி. வணக்கம்.