நைல் நதி 7 மீட்டர் சந்துக்குள் நுழையும் இடம்! மர்ச்சிசன் அருவி, உகாண்டா

[காட்சி: மேலிருந்து அருவி]

பள்ளிக்கூடத்தில் உலகின் நீளமான நதி என்று படித்தோமே, அந்த நைல் ஓர் இடத்தில் வெறும் 7 மீட்டர் அகலத்தில் ஓடுகிறது. நம் ஊர் டவுன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் அந்த இடுக்கில் அடங்காது. அவ்வளவு தண்ணீரும் அதற்குள் புகுந்து 40 மீட்டருக்கு மேல் கீழே பாய்கிறது. வணக்கம் மக்களே, இன்றைக்கு உகாண்டாவின் மர்ச்சிசன் அருவிக்குப் போகிறோம்.

வரலாற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1864-ல் இங்கே வந்த சாமுவேல் பேக்கர், லண்டன் புவியியல் சங்கத் தலைவர் மர்ச்சிசனின் பெயரை வைத்தார். இடி அமீன் ஆட்சியில் அது கபலேகா அருவி ஆனது. அவர் போனதும் பழைய பெயர் திரும்பிவிட்டது. கபலேகா ஆங்கிலேயரோடு போரிட்ட புன்யோரோ மன்னர். என்னைக் கேட்டால் அவர் பெயரே இருந்திருக்கலாம்.

[காட்சி: படகு]

சரி, படகுக்கு வருவோம். பாரா என்ற இடத்தில் ஏறினால், நீரோட்டத்தை எதிர்த்து அருவியை நோக்கிக் கூட்டிப்போவார்கள். கரையோரம் முழுக்க நீர்யானைகள். கண், காது, மூக்கு மட்டும் வெளியே தெரியும். அதற்கு நீந்தத் தெரியாது; ஆற்றின் அடியில் கால் ஊன்றி நடக்கிறது.

கரையேறி நிற்கிற நீர்யானை கண்ணில் பட்டால் அதன் தோலை உற்றுப் பாருங்கள். சிவப்பாக ஏதோ கசிந்துகொண்டிருக்கும். ரத்தமில்லை! தோலின் சுரப்பிகளிலிருந்து வருகிற நீர் அது. வரும்போது நிறமே இருக்காது. சில நிமிடங்களில் சிவந்து, அப்புறம் பழுப்பாகிவிடும். 2004-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதிலிருந்து இரண்டு நிறமிகளைப் பிரித்தெடுத்தார்கள்: ஒன்று சிவப்பு, இன்னொன்று ஆரஞ்சு. இரண்டுமே வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. சிவப்பு நிறமி பாக்டீரியா பெருகுவதையும் தடுக்கிறது. யோசித்துப் பாருங்கள், சண்டை போட்டுக் காயம்பட்ட உடம்போடு சேற்றுத் தண்ணீரிலேயே கிடக்கிற விலங்குக்கு இது எவ்வளவு பெரிய துணை! சிங்கத்தைத் தேடி ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மணல் திட்டில் வாயைப் பிளந்தபடி நைல் முதலைகள் கிடக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படி. யானை, ஒட்டகச்சிவிங்கி, கோப் மான் எல்லாம் வடகரைப் புல்வெளியில். அதிர்ஷ்டம் இருந்தால் ஆல்பர்ட் ஏரி முகத்துவாரத்தில் ஷூபில் பறவை.

அருவி கண்ணில் படுவதற்கு முன்பே ஆற்றில் வெள்ளை நுரை திட்டுத் திட்டாக மிதந்து வரும். சுழலுக்குப் பயந்து படகு சற்றுத் தள்ளியே நின்றுவிடும். அங்கிருந்து நடந்து மேலே ஏறுங்கள். உச்சியில் சாரலில் நனைந்துகொண்டே அந்த இடுக்கை நேராகப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே இன்னோர் அருவியும் விழும். 1962-ல் பெருவெள்ளம் வந்தபோது, அந்தச் சந்து போதாமல் நைல் தனக்கு இன்னொரு வழி வெட்டிக்கொண்டது. உகாண்டா விடுதலை பெற்றதும் அதே வருடம்தான். அதனால் உஹுரு அருவி என்று பெயர்; சுவாஹிலி மொழியில் உஹுரு என்றால் விடுதலை. 2019-ல் அங்கே நீர்மின் நிலையம் கட்டும் யோசனை வந்தது. சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். அருவியைச் சுற்றியிருக்கிற தேசியப் பூங்காவுக்குள் ஏற்கெனவே எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள். இந்த ஆற்றையாவது விட்டுவைக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை போங்கள். மழை குறைவு, விலங்குகள் தண்ணீர் தேடி ஆற்றுக்கு வரும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள்.

படகா, மலையேற்றமா, உங்கள் ஓட்டு எதற்கு? கமென்ட்டில் சொல்லுங்கள்.