ஒரு ஓ-ரிங் 340 ராண்டா? அநியாயம்ங்க!

வணக்கம் மக்களே, டர்பன்லேர்ந்து நான்தான். டீ கப் இல்லாம உக்காந்திருக்கேன்னா செம கடுப்புல இருக்கேன்னு உங்களுக்கே தெரியும். இந்தக் கருப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்க, இதான் ஓ-ரிங், மேல பூரா கொப்புளம், இங்க ஒரு வெடிப்பு.

போன வீடியோல கார்பன் டை ஆக்சைடை பிரஷர்ல அடைக்கற ஒரு ஸ்டீல் வெஸல் காட்டினேன்ல, அதோட மூடியில கேஸ் கசியாம இருக்கப் போட்ட ரிங் இது, விட்டான்ங்கற ரப்பர்ல செஞ்சது. எண்ணெய், சூடு எல்லாம் தாங்குவாரு, கார்பன் டை ஆக்சைடுன்னா மட்டும் ஊறி உப்பிடுவாரு, பிரஷரை சட்டுனு இறக்கினா உள்ள போன கேஸ் ரப்பரையே கிழிச்சுட்டு வெளிய வரும். கூத்து என்னன்னா, எலும்புக்கான ஸ்கஃபோல்டு, அதாவது எலும்பு செல் குடியேறி வளர ஓட்டை ஓட்டையான ஒரு சட்டம், அதைச் செய்ய பாலிமர்ல நான் வேணும்னே பண்றதும் இதேதான்! 31 டிகிரி, 74 பார், ரெண்டையும் தாண்டினா கார்பன் டை ஆக்சைடு கேஸும் இல்ல லிக்விடும் இல்ல, சூப்பர்கிரிட்டிக்கல். 31 டிகிரி இங்க டர்பன் சாட்ஸ்வொர்த்ல ஜனவரி மத்தியானம் சும்மாவே வந்துரும், 74 பாருக்குத்தான் இந்தப் பாடு, கார் டயர்லயே ரெண்டு சொச்சம் பார்தான். அது பாலிமருக்குள்ள ஊறி இளக வைக்கும், பிரஷரை விட்டதும் குமிழி கிளம்பும், கேஸ் போகப்போக பாலிமர் இறுகி ஓட்டை ஓட்டையா நின்னுரும்.

ஆங், சொல்லாம விட்டுட்டேன், நான் போட்ட பாலிமர் பி.டி.எல்.எல்.ஏ., பாலிலாக்டிக் ஆசிட்ல படிகமாகாத வகை, படிகமாகற பி.எல்.எல்.ஏ. வகை மாதிரி கேஸ் ஊற முரண்டு பண்ணாது. பாலிமரைக் கரைக்க டைகுளோரோமீத்தேன்ங்கற கரைப்பானும் வேணாம், அந்த வாடையே எனக்கு ஆகாது, உடம்புக்குள்ள வைக்கற பொருள்ல அது மிச்சம் இருந்தா செல்லுக்கும் ஆகாது. சூடு கம்மிங்கறதால புரோட்டீன் மருந்தைக்கூட சேர்த்தே போடலாம்.

பிரஷரை சட்டுனு திறந்து விட்டா பொடி ஓட்டை நிறைய, மெதுவா விட்டா பெரிய ஓட்டை. எலும்பு செல் உள்ள குடியேற 100 மைக்ரானுக்கு மேல வேணும், நான் எப்பவுமே மெதுவா விடற கட்சி. இந்த வாட்டி மட்டும் சட்டுனு திறந்தா எப்படின்னு பாத்தேன், பீஸ் வெளிய பாக்கப் பிரமாதம், ரிங் காலி.

இப்ப இ.பி.டி.எம்.ங்கற வேற ரப்பர்ல ரிங் வேணும், அது இவ்வளவு ஊறாது. விலை கேட்டேன். 340 ராண்ட்! ஒண்ணு! கால் ரொட்டியைக் குடைஞ்சு மட்டன் குழம்பு ஊத்தித் தர்ற எங்க ஊரு பன்னி சௌ ரெண்டு வாங்கலாம்ங்க அந்தக் காசுல, கூரியர் வேற தனியாம், சுண்டுவிரல் சைஸ் ரப்பருக்கு எதுக்குய்யா கூரியர்?

பீஸை வெட்டிட்டேன், இந்தா. மேல தோல் மாதிரி மூடியிருக்கு, உள்ள ஓட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேரல, அதான் அடுத்து உப்பு கலந்து ஊத வெச்சு அப்புறம் அந்த உப்பைத் தண்ணில கரைச்சு எடுக்கப் போறேன். டர்பன் கிட்ட பைன்டவுன் பக்கம் மலிவா ரிங் விக்கறவங்க யாராச்சும் தெரிஞ்சா கமென்ட்ல போடுங்க, ரப்பரோட கடினம் 90 ஷோர் இருக்கணும், மறந்துராதீங்க.