ஹோவர்போர்டு: ஏறவும் இறங்கவும் முதலில் பழகுவோம்

[காட்சி: வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். தூணருகே ஒரு ஹோவர்போர்டு.]

வணக்கம். ஹோவர்போர்டு என்பது நின்றபடி உடலைச் சாய்த்து ஓட்டும், இரு சக்கர மின்பலகை. அதில் நேராகச் செல்வதைச் சீக்கிரம் பழகிக்கொள்பவர்கள்கூட, ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, இந்த வீடியோவில் அந்த இரண்டுக்குமே அதிக நேரம் ஒதுக்குகிறோம்.

பலகைக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப்பு உள்ளிட்ட உணரிகள், உங்கள் பாதம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதைத் தொடர்ந்து கணித்துக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் முன்னால் சாய்ந்தால், சாய்ந்த உடலுக்கு அடியில் சக்கரத்தைக் கொண்டுவருவதற்காக மோட்டார் முன்னோக்கிச் சுழல்கிறது. இரு பக்கங்களுக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால், வலது முன்பாதத்தை மட்டும் அழுத்தினால் பலகை இடப்பக்கம் திரும்பும்.

[காட்சி: பாதம் வைக்கும் ரப்பர் பட்டை, மிக அருகில்.]

இந்த ரப்பர் பட்டைக்கு அடியில்தான் கால் வைத்ததை அறியும் சுவிட்சு இருக்கிறது. ஒரு காலைச் சக்கரத்தை ஒட்டி வைத்து, பட்டை சமமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மற்றொரு காலைத் தயங்காமல் எடுத்து வையுங்கள். பாதி அழுத்தியும் அழுத்தாமலும் தயங்கினால், ஒரு சக்கரம் மட்டும் சுழன்று பலகை உங்களைச் சுழற்றிவிடும். ஒருவர் எதிரில் நின்று இரு கைகளையும் பிடித்துக்கொள்வது நல்லது. சுவரைப் பிடிப்பதைவிட அதுவே மேல், ஏனெனில் சுவர் உங்களுடன் நகர்ந்து வராது.

இறங்கும்போது பலகையை முழுவதுமாக நிறுத்திவிட்டு, ஒரு காலைப் பட்டையிலிருந்து சட்டென்று தூக்கிப் பின்பக்கமாகத் தரையில் வையுங்கள். முன்பக்கமாக இறங்க முயன்றால், பலகையில் எஞ்சியிருக்கும் காலின் விரல்கள் தாமாகவே அழுந்தி, பலகை முன்னே பாய்ந்துவிடும். ஓடும் பலகையிலிருந்து குதிப்பது அதைவிட மோசம். ஏறுவதும் இறங்குவதும் பதற்றமின்றி வரும்வரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

[காட்சி: தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு.]

விழுபவர் கையைத்தான் முதலில் ஊன்றுவார்; ஆகவே தலைக்கவசத்துடன் மணிக்கட்டுக் காப்பையும் அணியுங்கள். இடம் சமதளமாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். காலையில் கோலத்துக்காகத் தண்ணீர் தெளித்த வாசல், வழுக்கும் டைல்ஸ், கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மொட்டை மாடி ஆகியவை ஆகாது. ஆற்காடு சாலை போன்ற போக்குவரத்து மிகுந்த சாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழகிய பிறகு வேகத்தில் ஆசை வரும். உச்ச வேகத்தை நெருங்கும்போது பல பலகைகள் பீப் ஒலி எழுப்பும், அல்லது முன்பகுதியை மேலே தூக்கும். நீங்கள் சாயும்போது உங்களைத் தாங்கிப் பிடிக்க மோட்டாரிடம் உபரி ஆற்றல் தேவை. உச்ச வேகத்தில் அது மிஞ்சுவதில்லை என்பதாலேயே இந்த எச்சரிக்கை. பேட்டரி தீரும் நிலையிலும் இதே ஆபத்து உண்டு.

[காட்சி: சார்ஜர், சுவர் பிளக்.]

2016 ஜூலையில் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள், பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. வாங்கும்போது யூஎல் 2272 (UL 2272) என்ற மின் பாதுகாப்புச் சான்று உள்ளதா என்று பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், பூட்டிய காருக்குள் பலகையை விட்டுவைக்காதீர்கள். ஓட்டி முடித்ததும் சூடு ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். இரவு முழுவதும் வேண்டாம், வீட்டை விட்டு வெளியேறும் வழியிலும் வேண்டாம்.